பழைய டாஸ் கேம்களை இன்றைய கம்ப்யூட்டரில் சரியாக ஓட வைப்பது எப்படி

டாஸ் என்பது விண்டோஸுக்கு முன்னால் பிசிகளில் இருந்த, கமாண்டுகளை அடித்து வேலை வாங்கும் சிஸ்டம். அதற்காக எழுதிய பழைய கேம் ஒன்றின் ஃபைலை இன்றைய விண்டோஸில் டபுள் கிளிக் செய்தால், இது உங்கள் கம்ப்யூட்டரில் ஓடாது என்று ஒரு பெட்டி வந்து நிற்கும். கம்பாட்டிபிலிட்டி செட்டிங்கில் எதைத் தட்டிப் பார்த்தாலும் நடக்காது, ஏனென்றால் 64 பிட் விண்டோஸில் 16 பிட் புரோகிராம்களை ஓட்டும் பகுதியே கிடையாது. அதில் நேரத்தைச் செலவழிக்க வேண்டாம். இதற்கென்றே டாஸ்பாக்ஸ் என்ற இலவச எமுலேட்டர் 2002 முதல் இருக்கிறது. பழைய பிசி ஒன்றை அதன் சிப், கிராஃபிக்ஸ் கார்டு, சவுண்ட் கார்டு எல்லாவற்றோடும் மென்பொருளாகவே உருவாக்கித் தரும், விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும்.

வெறுமனே ஓட வைப்பது கால் மணி நேர வேலை. நான் சொல்ல வருவது அதற்கு அடுத்த கட்டத்தை. டாஸ்பாக்ஸைப் போட்டு, கேமைத் திறந்து, படம் கொஞ்சம் நசுங்கித் தெரிய, எதிரி விமானங்கள் கண் இமைப்பதற்குள் பறந்து போக, ஸ்பீக்கரில் கீச்கீச்சென்று ஏதோ சத்தம் வர, "அந்தக் காலத்து கேம் என்றால் இப்படித்தான் போல" என்று மூடிவிட்டுப் போகிறவர்கள் ஏராளம். அந்தக் காலத்தில் அப்படி இல்லை. அந்த கேமை உருவாக்கியவர்கள் ஒரு குறிப்பிட்ட வேகத்துக்கும், ஒரு குறிப்பிட்ட திரைக்கும், ஒரு குறிப்பிட்ட சவுண்ட் கார்டுக்கும் அளவெடுத்துச் செய்திருக்கிறார்கள். அந்த மூன்றையும் நாம் திரும்பக் கொடுத்துவிட்டால் போதும், கேம் தானாக உயிர் பெறும்.

ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: கமாண்டுகளின், செட்டிங்குகளின் பெயர்களை இங்கே தமிழ் எழுத்தில் எழுதியிருக்கிறேன், கம்ப்யூட்டரில் அடிக்கும்போது ஆங்கில எழுத்தில்தான் அடிக்க வேண்டும்.

முதலில் ஆண்டைப் பாருங்கள்

எந்த கேமாக இருந்தாலும் அது பிசியில் எந்த ஆண்டு வந்தது என்று தெரிந்துகொள்ளுங்கள். மற்ற எல்லா முடிவும் இதிலிருந்துதான் வரும்.

1981-இல் வந்த முதல் ஐபிஎம் பிசியில் இருந்தது 8088 சிப், வேகம் 4.77 மெகாஹெர்ட்ஸ். அதோடு வந்த சிஜிஏ என்ற கிராஃபிக்ஸ் கார்டு 320-க்கு 200 புள்ளிகளில் ஒரே நேரத்தில் 4 நிறங்களைத்தான் காட்டும், அந்தப் பழைய கேம்களில் எங்கு பார்த்தாலும் வெளிர் நீலமும் கருஞ்சிவப்பு கலந்த ஊதாவுமாகத் தெரிவதற்கு அதுதான் காரணம். 1984-இல் இஜிஏ வந்தபோது 16 நிறங்கள் கிடைத்தன. 1987-இல் விஜிஏ வந்ததும் அதே 320-க்கு 200-இல் 256 நிறங்கள். சத்தத்தைப் பொறுத்தவரை, பெட்டிக்குள் இருந்த சின்ன ஸ்பீக்கர்தான் ரொம்ப நாள் எல்லாமே. 1987-இல் ஆட்லிப் கார்டு வந்து இசையைக் கொண்டுவந்தது, 1989-இல் சவுண்ட் பிளாஸ்டர் வந்து இசையோடு பதிவு செய்த குரலையும் வெடிச் சத்தத்தையும் சேர்த்தது.

ஆக, 1983-இல் வந்த டிக்கர் எதிர்பார்க்கும் எந்திரமும் 1993 டிசம்பரில் வந்த டூம் எதிர்பார்க்கும் எந்திரமும் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாதவை. இரண்டையும் ஒரே செட்டிங்கில் ஓட்டினால் ஒன்றாவது கெடும். இன்னொன்று, கேம் முதன்முதலில் வந்த ஆண்டு வேறு, பிசிக்கு வந்த ஆண்டு வேறாக இருக்கலாம். பிரின்ஸ் ஆஃப் பெர்ஷியா 1989-இல் ஆப்பிள் 2 கம்ப்யூட்டருக்கு வந்தது, டாஸுக்கு 1990-இல்தான். நமக்கு வேண்டியது இரண்டாவது.

கேம் எங்கிருந்து கிடைக்கும்

நல்ல வழியிலேயே நிறையக் கிடைக்கும். ஜிஓஜி போன்ற கடைகளில் பழைய கேம்களை டாஸ்பாக்ஸோடு சேர்த்தே விற்கிறார்கள், கூடவே மேனுவலும் பிடிஎஃப் ஆக வரும், இது முக்கியம், ஏன் என்று பிறகு சொல்கிறேன். உரிமையாளர்களே இலவசமாக விட்டவையும் உண்டு: பினீத் எ ஸ்டீல் ஸ்கை, ஃப்ளைட் ஆஃப் தி அமேசான் குயீன், லூர் ஆஃப் தி டெம்ப்ட்ரஸ் ஆகிய மூன்று அட்வெஞ்சர் கேம்கள், சுட்டுத் தள்ளும் வகையில் டைரியன், பெரிய ரோல் பிளேயிங் கேம் வேண்டுமென்றால் 1994-இல் வந்த எல்டர் ஸ்க்ரோல்ஸ் அரீனா.

அப்புறம் ஷேர்வேர். முதல் பகுதியை இலவசமாகக் கொடுத்து, பிடித்திருந்தால் மீதியை வாங்கிக்கொள்ளுங்கள் என்று விட்ட முறை அது. கமாண்டர் கீன், உல்ஃபென்ஸ்டைன் 3டி, டூம் மூன்றும் அப்படித்தான் பரவின, டூமின் ஷேர்வேர் பகுதியில் மட்டுமே 9 லெவல்கள் இருக்கின்றன, இன்றைக்கும் அதை அப்படியே இறக்கி ஆடலாம். வாங்குவதற்கு முன்னால் ஒரு கேம் எப்படி இருக்கும் என்று பார்க்க மட்டும் ஆசை என்றால், இன்டர்நெட் ஆர்க்கைவில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட டாஸ் கேம்கள் பிரவுசரிலேயே ஓடும். ஆனால் அதை வைத்து கேமை எடை போடாதீர்கள், பிரவுசரில் வேகமும் சத்தமும் அடிக்கடி தடுமாறும்.

கைவிடப்பட்ட கேம் என்று சொல்லி எதையும் அள்ளித் தரும் தளங்களைப் பற்றி ஒரு வார்த்தை: விற்பதை நிறுத்திவிட்டார்கள் என்பதற்காகக் காப்புரிமை போய்விடாது. முறையாகக் கிடைப்பதே ஆயுசுக்கும் ஆடித் தீராது, அதில் தொடங்குங்கள்.

டாஸ்பாக்ஸில் கேமை ஏற்றுவது

டாஸ்பாக்ஸில் பல கிளைகள் உண்டு. மூலப் பதிப்பு 0.74 வரிசையிலேயே ரொம்ப வருடமாக நிற்கிறது. புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு நான் சொல்வது டாஸ்பாக்ஸ் ஸ்டேஜிங் என்ற கிளையைத்தான், ஏனென்றால் படத்தின் அளவு, திரை ஃபில்ட்டர், இசை எல்லாவற்றிலும் அது போட்டவுடனேயே பாதி வேலையைச் சரியாகச் செய்துவிடுகிறது. விண்டோஸ் 3.1, 95 மாதிரி எதையாவது உள்ளே ஏற்றிப் பார்க்க வேண்டும் என்றால் டாஸ்பாக்ஸ் எக்ஸ் பொருத்தம்.

டாஸ்பாக்ஸைத் திறந்தால் ஒரு கறுப்பு ஜன்னலும் இசட் என்ற டிரைவும்தான் இருக்கும். உங்கள் ஹார்ட் டிஸ்க் அதற்குத் தெரியாது, நாம்தான் ஒரு ஃபோல்டரைக் காட்டி, இதை சி டிரைவாக வைத்துக்கொள் என்று சொல்ல வேண்டும். மவுண்ட் என்று அடித்து, இடைவெளி விட்டு சி என்ற ஒற்றை எழுத்து, மறுபடி இடைவெளி, அப்புறம் கேம் இருக்கும் ஃபோல்டரின் முழு முகவரி, என்டர். அடுத்த வரியில் சி எழுத்தும் முக்காற்புள்ளியும் அடித்து என்டர் தட்டினால் அந்த டிரைவுக்குப் போய்விடுவீர்கள். டிர் என்று அடித்தால் உள்ளே இருப்பதெல்லாம் தெரியும். சிடி என்று அடித்து ஒரு ஃபோல்டர் பெயரைக் கொடுத்தால் அதற்குள் போகும். அதிலே எக்ஸ்இ, காம், பேட் என்று முடியும் ஃபைல்களில் கேமின் பெயரோடு ஒன்று இருக்கும், அதன் பெயரை அடித்தால் கேம் தொடங்கும்.

டாஸில் பெயர் என்றால் அதிகபட்சம் 8 எழுத்து, புள்ளி, அப்புறம் 3 எழுத்து. நீங்கள் வைக்கும் ஃபோல்டர் பெயரும் 8 எழுத்துக்குள், நடுவில் இடைவெளி இல்லாமல் இருக்கட்டும். நீளமான பெயர் வைத்தால் உள்ளே வெட்டிக் குறுக்கி வால் குறியோடு காட்டும், தேவையில்லாத குழப்பம்.

ஒவ்வொரு முறையும் இதை அடிக்க வேண்டியதில்லை. ஸ்டேஜிங்கில் கேமுக்கென்று ஒரு ஃபோல்டர் வைத்து, அதற்குள் டிரைவ்ஸ் என்று ஒன்று, அதற்குள் சி என்று ஒன்று வைத்து, கேமை அதில் போட்டு, அந்த ஃபோல்டரிலிருந்து தொடங்கினால் அதுவே சி டிரைவாக எடுத்துக்கொள்ளும். அதே இடத்தில் டாஸ்பாக்ஸ் டாட் கான்ஃப் என்ற பெயரில் ஒரு டெக்ஸ்ட் ஃபைல் வைத்து, அந்த கேமுக்கு மட்டும் வேண்டிய செட்டிங்குகளை அதில் எழுதலாம். ஃபைலின் கடைசியில் ஆட்டோஎக்ஸெக் என்ற பகுதியில் நீங்கள் கையால் அடிக்கும் கமாண்டுகளை வரிசையாக எழுதிவிட்டால், திறந்தவுடன் கேம்தான் வந்து நிற்கும். கேமுக்கு ஒரு ஃபோல்டர், கேமுக்கு ஒரு கான்ஃப் ஃபைல் என்ற இந்தப் பழக்கத்தை முதல் நாளிலேயே பிடித்துக்கொள்ளுங்கள், எல்லாவற்றையும் ஒரே பொது செட்டிங்கில் திணிப்பதால்தான் முக்கால்வாசித் தொல்லை வருகிறது.

சிடியில் வந்த கேம் என்றால் அந்த சிடியின் முழு நகலான இமேஜ் ஃபைலை மவுண்ட் செய்ய வேண்டும், அதற்கு இம்ஜிமவுண்ட் என்ற கமாண்ட். இங்கே ஒன்றைக் கவனியுங்கள்: 90-களின் நடுவில் வந்த பல கேம்களின் இசை, சாதாரண ஆடியோ சிடியில் இருப்பதுபோல் தனி டிராக்காக சிடியிலேயே இருந்தது. ஐஎஸ்ஓ என்று முடியும் இமேஜில் அந்த டிராக்குகள் வராது, கேம் ஓடும், பாட்டு மட்டும் இருக்காது. கியூ, பின் என்று இரண்டு ஃபைலாக இருக்கும் இமேஜ்தான் வேண்டும், மவுண்ட் செய்யும்போது கியூ ஃபைலைக் காட்டுங்கள்.

வேகம்: இங்கேதான் பலர் தவறவிடுகிறார்கள்

ஆரம்பகால கேம் எழுதியவர்கள் பலர் கடிகாரத்தைப் பார்த்து எழுதவில்லை. இத்தனை முறை சும்மா எண்ணு, அப்புறம் அடுத்த படத்தைக் காட்டு என்று எழுதினார்கள். 4.77 மெகாஹெர்ட்ஸில் எண்ணி முடிக்க ஆகும் நேரம்தான் கேமின் வேகம். எல்லாப் பிசியும் ஒரே வேகத்தில் இருந்தவரை அது சரியாகவே இருந்தது, வேகமான சிப்புகள் வந்ததும் கேம் தலைதெறிக்க ஓட ஆரம்பித்தது. பழைய பிசிப் பெட்டிகளின் முன்பக்கம் டர்போ என்று ஒரு பட்டன் இருந்ததற்குக் காரணம் இதுதான். பெயரைப் பார்த்தால் வேகம் கூட்டுவது மாதிரி இருக்கும், உண்மையில் அது பயன்பட்டது பழைய புரோகிராம்களுக்காக வேகத்தைக் குறைக்க.

டாஸ்பாக்ஸில் அந்த டர்போ பட்டனின் வேலையைச் செய்வது சைக்கிள்ஸ் என்ற செட்டிங். புதிய ஸ்டேஜிங் பதிப்புகளில் பெயர் கொஞ்சம் மாறியிருக்கும், கருத்து ஒன்றுதான்: ஒரு மில்லி செகண்டுக்கு எத்தனை கட்டளைகளை அந்தப் போலி சிப் செய்ய வேண்டும் என்பது. தோராயமாகச் சொன்னால், முதல் ஐபிஎம் பிசிக்கு 300 பக்கம், 33 மெகாஹெர்ட்ஸ் 386-க்கு 6000, 66 மெகாஹெர்ட்ஸ் 486-க்கு 20,000-லிருந்து 25,000 வரை, ஆரம்ப பென்டியத்துக்கு 50,000 பக்கம். கேமின் ஆண்டைப் பார்த்து இதில் ஒரு எண்ணில் தொடங்குங்கள்.

தொடங்கியபின் கேம் ஓடும்போதே கன்ட்ரோல் எஃப்11 அழுத்தினால் வேகம் குறையும், கன்ட்ரோல் எஃப்12 அழுத்தினால் கூடும், வழக்கமான செட்டிங்கில் ஒவ்வொரு அழுத்தலுக்கும் குறைவது 20 சதவீதம், கூடுவது 10 சதவீதம். லேப்டாப்பில் எஃப் கீகள் ஒலி, வெளிச்சம் என்று வேறு வேலை பார்க்கும், அங்கே எஃப்என் கீயையும் சேர்த்துப் பிடிக்க வேண்டும்.

சரியான வேகம் எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? கேம் எந்த வகை என்று முதலில் பாருங்கள். டூம் கடிகாரத்தைப் பார்த்து ஓடும் கேம், ஒரு செகண்டுக்கு 35 படத்துக்கு மேல் போகவே போகாது, அதற்கு வேகம் அதிகமாகக் கொடுத்தாலும் கேம் வேகமாகாது, படம் வழுக்கிக்கொண்டு போகும், அவ்வளவுதான். அதுவே 1990-இல் வந்த விங் கமாண்டரை எடுத்துக்கொண்டால், சிப் எவ்வளவு வேகமோ அவ்வளவு வேகத்தில் விண்கலங்கள் பறக்கும். அதிக சைக்கிள்ஸ் கொடுத்தால் எதிரியைக் குறி வைப்பதற்குள் அவன் திரையைத் தாண்டியிருப்பான். இதை 3000 பக்கம் வைத்துத் தொடங்கி, ஒரு சண்டையில் நுழைந்து, எதிரி திரும்பும்போது உங்களால் கூடவே திரும்ப முடிகிறதா என்று பாருங்கள். முடியவில்லை என்றால் குறையுங்கள், படம் விட்டுவிட்டு வந்தால் கூட்டுங்கள். அமைதியாகப் பறக்கும்போது சோதிக்காதீர்கள், திரையில் பொருட்கள் கூடக் கூட வேகம் மாறும் கேம் அது, சண்டை நடுவில்தான் உண்மை தெரியும்.

சத்தம் விட்டுவிட்டு வந்தால் இரண்டு காரணம் இருக்கலாம், இரண்டும் நேர் எதிர். சைக்கிள்ஸ் கேமுக்குப் போதவில்லை, அல்லது உங்கள் நிஜக் கம்ப்யூட்டரால் தாங்க முடியாத அளவு கொடுத்திருக்கிறீர்கள். கொஞ்சம் கூட்டிப் பாருங்கள், மோசமானால் குறையுங்கள். மேக்ஸ் என்று வைத்துவிட்டு மறந்துவிடலாம் என்று பலர் எழுதியிருப்பார்கள், 1995-க்குப் பிந்தைய கேம்களுக்கு அது சரி, அதற்கு முந்தையவற்றுக்கு வேண்டாம்.

ரன்டைம் எர்ரர் 200 என்று சொல்லிவிட்டு கேம் நின்றுவிட்டால் அதுவும் வேகத்தின் வேலைதான். டர்போ பாஸ்கல் என்ற புரோகிராமிங் மொழியில் எழுதிய சில புரோகிராம்கள் தொடங்கும்போது சிப்பின் வேகத்தை அளந்து பார்க்கும், வேகம் எதிர்பார்த்ததைவிட ரொம்ப அதிகமாக இருந்தால் அந்தக் கணக்கு வழிந்து விழுந்துவிடும். சைக்கிள்ஸைக் குறைத்துவிட்டுத் தொடங்குங்கள், போய்விடும்.

படம்: நசுங்கிய வட்டங்கள்

320-க்கு 200 என்பது அகலமான சட்டம், ஆனால் அன்றைய மானிட்டர் 4-க்கு 3 விகிதத்தில் இருந்தது. 200 வரிகளையும் அந்தத் திரை முழுக்க இழுத்துத்தான் காட்டியது, அதனால் ஒவ்வொரு புள்ளியும் அகலத்தைவிட 1.2 மடங்கு உயரமாக இருந்தது. ஓவியர்கள் அந்தத் திரையைப் பார்த்துத்தான் வரைந்தார்கள். இன்றைய திரையில் புள்ளிகள் சதுரம், அப்படியே காட்டினால் எல்லோரும் குட்டையாகத் தெரிவார்கள், நிலா முட்டை மாதிரி படுத்திருக்கும், டூமில் கீழே தெரியும் அந்த முகம் அகன்றுபோய் இருக்கும்.

தீர்வு ஒரே வரி. ஆஸ்பெக்ட் என்ற செட்டிங்கை ட்ரூ என்று வையுங்கள். ஸ்டேஜிங்கில் இது முதலிலேயே அப்படித்தான் இருக்கும், பழைய 0.74-இல் ஃபால்ஸ் என்று இருக்கும், அதோடு அவுட்புட் என்பதையும் சர்ஃபேஸிலிருந்து ஓபன்ஜிஎல் என்று மாற்ற வேண்டும். மாற்றியபின் கேமில் எங்காவது ஒரு வட்டத்தைத் தேடி அளந்து பாருங்கள், வட்டமாக இருந்தால் சரி. திரையின் இரு பக்கமும் கறுப்புப் பட்டை வரும், அதை நிரப்பிவிடலாமே என்று அகலத் திரைக்கு இழுத்துவிடாதீர்கள்.

இன்னும் துல்லியம் வேண்டும் என்கிறவர்களுக்கு ஒன்று: 1600-க்கு 1200 என்ற அளவில் காட்டினால் அகலம் சரியாக 5 மடங்கு, உயரம் சரியாக 6 மடங்கு, ஒரு புள்ளிகூட ஒன்றோடொன்று கலக்காமல் கூர்மையாக வரும். 1440 வரியோ 4கே-யோ இருக்கும் திரையில் இது தாராளமாக அடங்கும்.

கூர்மை எப்போதும் நல்லது என்றும் இல்லை. 16 நிறத்தில் வரைந்தவர்கள் இரண்டு நிறப் புள்ளிகளைக் கட்டம் கட்டமாக மாற்றி மாற்றி வைத்து, மூன்றாவது ஒரு நிறம் இருப்பதுபோல் காட்டினார்கள், பழைய பிக்சர் டியூபின் மெல்லிய கலங்கலில் அந்தப் புள்ளிகள் ஒன்றாகக் குழைந்தன. இன்றைய திரையில் அது வலை விரித்ததுபோல் துருத்திக்கொண்டு தெரியும். ஸ்டேஜிங்கில் இருக்கும் சிஆர்டி ஷேடரை, அதாவது பிக்சர் டியூப் திரை மாதிரிக் காட்டும் ஃபில்ட்டரைப் போட்டுப் பாருங்கள், இஜிஏ காலத்து வானமும் பாறையும் எப்படி மாறுகிறது என்று. எனக்கு இது இல்லாமல் அந்தக் கால அட்வெஞ்சர் கேம்களைப் பார்க்கவே முடிவதில்லை.

மெஷின் என்ற செட்டிங்கில் எந்த கிராஃபிக்ஸ் கார்டு என்று சொல்லலாம். பெரும்பாலும் அதைத் தொட வேண்டியதில்லை. 1984 முதல் 1988 வரை வந்த கிங்ஸ் குவெஸ்ட் வகை கேம்களுக்கு மட்டும் டான்டி என்று மாற்றிப் பாருங்கள், டான்டி கம்ப்யூட்டரில் மூன்று குரலில் ஒலிக்கும் சிப் இருந்தது, சாதாரண ஸ்பீக்கரில் ஒற்றைக் கோடாகக் கேட்ட இசை அங்கே முழுசாகக் கேட்கும்.

சத்தம்

கேம் ஃபோல்டரில் செட்டப் அல்லது இன்ஸ்டால் என்று ஒரு ஃபைல் இருந்தால், கேமுக்கு முன்னால் அதை ஓட்டுங்கள். எந்த சவுண்ட் கார்டு, எந்த முகவரி, எந்த ஐஆர்க்யூ, எந்த டிஎம்ஏ என்று கேட்கும், கார்டு கம்ப்யூட்டரோடு பேசும் வழிகளின் எண்கள் இவை. அன்றைக்கு கார்டில் இருக்கும் ஜம்பரை நகர்த்தி இவற்றை வைத்தார்கள், டாஸ்பாக்ஸில் அவை ஏற்கெனவே வைத்தாகிவிட்டது: சவுண்ட் பிளாஸ்டர், முகவரி 220, ஐஆர்க்யூ 7, டிஎம்ஏ 1. செட்டப் பல நேரம் ஐஆர்க்யூ 5 என்று காட்டி நிற்கும், அதை 7 என்று மாற்றாமல் விட்டால் இசை வரும், வெடிச் சத்தமும் குரலும் வராது, அல்லது முதல் சத்தத்திலேயே கேம் உறைந்துவிடும். சத்தப் பிரச்சினை என்று கேட்கிறவர்களுக்கு நான் முதலில் பார்க்கச் சொல்வது இந்த ஓர் எண்ணைத்தான்.

இசைக்கும் ஓசைக்கும் தனித்தனியாகக் கேட்டால், ஓசைக்கு எப்போதும் சவுண்ட் பிளாஸ்டர். இசைக்கு மறுபடி ஆண்டைப் பாருங்கள். 1988 முதல் 1991 வரை வந்த பல பெரிய கேம்களின் இசை ரோலண்ட் எம்டி-32 என்ற கருவிக்காக எழுதப்பட்டது, அதற்குப் பின் வந்தவை பெரும்பாலும் ஜெனரல் மிடி என்ற பொதுவான இசைத் தரத்துக்காக. இரண்டும் ஒன்று இல்லை, எண்ணுக்கு எண் இசைக்கருவி மாறும், எம்டி-32-க்கு எழுதியதை ஜெனரல் மிடியில் ஓட்டினால் புல்லாங்குழல் வர வேண்டிய இடத்தில் வேறு எதுவோ வந்து அலறும். ஸ்டேஜிங்குக்குள்ளேயே இரண்டும் இருக்கின்றன: ஜெனரல் மிடிக்கு இசைக்கருவிகளின் ஒலிகள் அடங்கிய ஒரு சவுண்ட்ஃபான்ட் ஃபைல் வேண்டும், அது இலவசமாகக் கிடைக்கும், எம்டி-32-க்கு அந்தக் கருவிக்குள் பதிந்திருந்த மென்பொருளின் நகலான ரோம் ஃபைல்கள் வேண்டும், அவற்றுக்குக் காப்புரிமை உண்டு. அதெல்லாம் வேண்டாம் என்றால் ஆட்லிப் இசையே போதும், அந்த உலோகத் தன்மையான ஒலிக்கென்று தனி அழகு இருக்கிறது, லட்சக்கணக்கானவர்கள் அந்த கேம்களை அப்படித்தான் கேட்டார்கள்.

கீபோர்டில் கவனிக்க வேண்டிய இரண்டு

டூமில் கன்ட்ரோல் என்றால் சுடுவது, எஃப்9 என்றால் கடைசியாகச் சேவ் செய்த இடத்துக்குப் போவது. டாஸ்பாக்ஸில் கன்ட்ரோல் எஃப்9 சேர்த்து அழுத்தினால் கேள்வியே கேட்காமல் மொத்தத்தையும் மூடிவிடும். சண்டை நடுவில் விரல் இரண்டும் ஒன்றாகப் பட்டால் போச்சு. கன்ட்ரோல் எஃப்1 அழுத்தி, கீகளின் வேலையை மாற்றும் மேப்பரைத் திறந்து, மூடும் வேலையை வேறு கீக்கு மாற்றிவிடுங்கள், அல்லது கேமின் செட்டப்பில் சுடும் கீயை மாற்றுங்கள்.

இரண்டாவது, பிரின்ஸ் ஆஃப் பெர்ஷியா ஆடுகிறவர்களுக்கு. ஷிஃப்டைப் பிடித்துக்கொண்டு அம்புக் கீயைத் தட்டினால் இளவரசன் ஓடாமல் மெல்ல அடி வைத்து நகர்வான். முள் இருக்கும் இடம், உடையும் தரை, விளிம்பு எல்லாவற்றுக்கும் அதுதான் வழி. ஷிஃப்டை ஐந்து முறை தட்டினால் விண்டோஸ் ஸ்டிக்கி கீஸ் வேண்டுமா என்று கேட்டுப் பெட்டியைத் திறக்கும், அந்த நேரத்தில் இளவரசன் பள்ளத்தில் இருப்பான். தொடங்குவதற்கு முன்னால் விண்டோஸின் அக்ஸெசிபிலிட்டி செட்டிங்கில் அந்த ஷார்ட்கட்டை அணைத்துவிடுங்கள்.

மற்றபடி ஆல்ட் என்டர் முழுத் திரை, கன்ட்ரோல் எஃப்10 மவுஸை விடுவிக்க. இவை போதும்.

டாஸ்பாக்ஸ் வேண்டாத இடங்கள்

மங்கி ஐலண்ட் போன்ற அட்வெஞ்சர் கேம்களுக்கு ஸ்கம்விஎம் என்ற மென்பொருள் 2001 முதல் இருக்கிறது. கேமின் ஃபைல்கள் இருக்கும் ஃபோல்டரைக் காட்டினால் போதும், சைக்கிள்ஸும் ஐஆர்க்யூவும் பார்க்கத் தேவையே இல்லை. அட்வெஞ்சர் கேம் என்றால் முதலில் அதன் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள், இருந்தால் அங்கேயே ஆடுங்கள்.

டூமின் சோர்ஸ் கோட் 1997 டிசம்பரில் வெளியானதால் அதற்கு எத்தனையோ புதிய வடிவங்கள் வந்துவிட்டன. முதல் முறை ஆடுகிறவர் சாக்லேட் டூமில் தொடங்கட்டும், 1993-இல் எப்படி இருந்ததோ அப்படியே இருக்கும். ஜிஇசட்டூமில் மேலும் கீழும் பார்க்கலாம், குதிக்கலாம், ஆனால் அந்த லெவல்கள் குதிக்க முடியாத ஒருவனுக்காகக் கட்டப்பட்டவை, குதித்தால் பாதிப் புதிர்கள் கரைந்துவிடும். டிரான்ஸ்போர்ட் டைகூன் வேண்டுமென்றால் ஓபன்டிடிடி, அது தன் சொந்தப் படங்களோடு முழு இலவசமாகவே வருகிறது. டிக்கருக்கு டிக்கர் ரீமாஸ்டர்ட், வேகச் சிக்கலே இல்லை.

மேனுவலைப் படித்துவிட்டு ஆடுங்கள்

டாஸ் காலத்து கேம்களில் பாதி விஷயம் காகிதத்தில் இருந்தது. எந்தக் கீ என்ன செய்யும், கதை எங்கே தொடங்குகிறது, எதிரி யார், எல்லாம் மேனுவலில். ஃப்ளாப்பியில் இடம் இல்லாததால் மட்டும் இல்லை, காப்பி அடிப்பதைத் தடுக்கவும்தான். பிரின்ஸ் ஆஃப் பெர்ஷியாவில் முதல் லெவலை முடித்ததும் எழுத்துகளுக்குக் கீழே புட்டிகள் வரிசையாக இருக்கும் ஓர் அறை வரும், மேனுவலின் இத்தனையாவது பக்கத்தில் இத்தனையாவது வரியில் இருக்கும் சொல்லின் முதல் எழுத்து எதுவோ அந்தப் புட்டியைக் குடிக்க வேண்டும், தவறாகக் குடித்தால் உயிர் போகும். மங்கி ஐலண்டோடு இரண்டு அட்டைச் சக்கரங்கள் வந்தன, திரையில் காட்டும் கொள்ளைக்காரனின் முகம் வரும்வரை சுழற்றி எண்ணைப் படிக்க வேண்டும். கடைகளில் இன்று விற்கும் பதிப்புகளில் இவை பெரும்பாலும் எடுக்கப்பட்டிருக்கும், ஆனால் மேனுவலைத் திறக்காமலே ஆடலாம் என்று அர்த்தம் இல்லை. 1989-இல் வந்த சிம்சிட்டியையும் 1991-இல் வந்த சிவிலைசேஷனையும் மேனுவல் படிக்காமல் தொடங்கினால், எதற்கு நகரம் காலியாகிறது, எதற்கு மக்கள் கலகம் செய்கிறார்கள் என்றே தெரியாமல் தோற்றுக்கொண்டிருப்பீர்கள்.

சேவ் செய்வதில் ஒரு ஒழுங்கு வேண்டும். தானாக சேவ் ஆகும் என்று எதிர்பார்க்காதீர்கள், அப்படி ஒன்று அன்றைக்குக் கிடையாது என்றே வைத்துக்கொள்ளுங்கள். கிங்ஸ் குவெஸ்ட் மாதிரி கேம்களில், முதல் அரை மணி நேரத்தில் எடுக்காமல் விட்ட ஒரு பொருள் கடைசியில் தேவைப்படும், திரும்பிப் போக வழி இருக்காது, இனி ஜெயிக்க முடியாது என்று கேம் சொல்லவும் சொல்லாது. அதனால் ஒரே இடத்தில் மேலெழுதாமல், ஒவ்வொரு புதிய பகுதிக்குள் நுழையும் முன்பும் புதுப் பெயரில் சேவ் செய்யுங்கள். பிரின்ஸ் ஆஃப் பெர்ஷியாவில் மொத்தக் கதைக்கும் 60 நிமிடம்தான், தத்தித் தத்தி 50 நிமிடத்தில் சேவ் செய்துவிட்டால் அந்த சேவால் பயன் இல்லை. ஒரு லெவலை அதிக நேரம் எடுத்து முடித்தால், பழைய சேவுக்குத் திரும்பி, வழி தெரிந்த பிறகு வேகமாக இன்னொரு முறை முடித்துவிட்டு அப்புறம் சேவ் செய்யுங்கள். லெம்மிங்ஸில் ஒவ்வொரு லெவலுக்கும் ஒரு பாஸ்வேர்டு கொடுக்கும், அதை எழுதி வைக்க ஒரு நோட்டு பக்கத்தில் இருக்கட்டும், அதே நோட்டு மேப் வரையவும் உதவும்.

ஆடி முடித்ததும் ஜன்னலை அப்படியே மூடாமல் கேமின் மெனு வழியாகவே வெளியே வாருங்கள், பல கேம்கள் ஹை ஸ்கோரையும் செட்டிங்கையும் வெளியேறும்போதுதான் டிஸ்க்கில் எழுதுகின்றன. டாஸ் கேம் தன் சேவ்களைத் தன் ஃபோல்டருக்குள்ளேயே வைத்துக்கொள்ளும், ரெஜிஸ்ட்ரி, மறைவான ஃபோல்டர் என்று எதுவும் கிடையாது, அதனால் அந்த ஒரு ஃபோல்டரைக் கான்ஃப் ஃபைலோடு பென் டிரைவில் காப்பி செய்து வைத்தால் போதும். அடுத்த கம்ப்யூட்டரில் டாஸ்பாக்ஸைப் போட்டு அதைத் திறந்தால் விட்ட இடத்திலிருந்தே தொடரலாம், வேகமும் படமும் சத்தமும் நீங்கள் வைத்தபடியே இருக்கும்.